பவளக்காலியின் வெள்ளையில் நான் போட்ட கோடுகள்

மைதீன் பிச்சை இறந்த செய்தி வந்தபோது நான் ஒரு மாப்பிள்ளையின் கன்னத்திலிருந்து அம்மைத் தழும்பை எடுத்துக்கொண்டிருந்தேன். மாதுங்காவில் நான் வேலை பார்க்கும் ஸ்டுடியோவின் பின்னறையில், ஜன்னலை ஒட்டிய சாய்வுப் பலகைமேல் கண்ணாடி நெகட்டிவை வைத்துக்கொண்டு, கூர் சீவிய பென்சிலோடு குனிந்திருந்தேன். காலை பதினோரு மணி இருக்கும். தாராவியிலிருந்து அவருடைய மச்சினன் காசிம் வந்து வாசலிலேயே நின்றுவிட்டான்.

"மச்சான் மவுத்தாயிட்டாக. மூணு நாளாக் காய்ச்சலு. மத்தியான லுஹர் தொழுகைக்குப் பொறவு அடக்கம். ஒங்களுக்குச் சொல்லாம இருக்கக்கூடாதுன்னு அக்கா அனுப்பிச்சு."

நான் பென்சிலைக் கீழே வைத்தேன். "மூணு நாள் காய்ச்சலுக்கா?" என்று கேட்டேன். கேட்கக்கூடிய கேள்விதானா அது? முதலாளியிடம் சொல்லிக்கொள்ளாமல் அவனோடு கிளம்பினேன். அடக்கத்தில் நம் படக்காரர் சங்கத்தார் நான்கு பேரைப் பார்த்தேன். மற்றவர்கள் ஏன் வரவில்லை என்பது எனக்குத் தெரியும். உங்களுக்கும் தெரியும்.

நம் படக்காரர் சங்கத்தின் கையெழுத்துப் பத்திரிகைக்கு அவரைப் பற்றி ஒரு பக்கம் எழுதித் தரும்படி செயலாளர் சுந்தரேசன் கேட்டார். "அந்தப் பழைய சங்கதி மட்டும் வேண்டாம், போனவரைப் பத்தி நல்லதா நாலு வார்த்தை போதும்" என்றும் சொல்லி அனுப்பினார். நல்லதாக நாலு வார்த்தை எழுதுவதற்கு நான் எதற்கு? அந்தப் பழைய சங்கதியைத்தான் எழுதப் போகிறேன். ஒரு பக்கத்தில் அடங்காது. பிரதி எடுப்பவர் என்னைத் திட்டிக்கொள்ளட்டும்.

அவரைச் சரியாக அறியாதவர்களுக்கு: மைதீன் பிச்சை திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். தாராவியில் ஒரு தோல் கிடங்கில் பதனிட்ட தோல்களை நிறம் பார்த்துப் பிரித்து அடுக்குவது அவர் வேலை. நமக்கெல்லாம் ஒரே கறுப்பாகத் தெரியும் பத்துத் தோல்களை அவர் ஐந்து குவியலாகப் போடுவார். ஞாயிற்றுக்கிழமைகளில் கண்ணாடி பிளேட் போடும் ஒரு பழைய காமிராவைத் தோளில் போட்டுக்கொண்டு, குர்லாவில் வண்டி மாறி, செம்பூருக்கும் மான்குர்துக்கும் அப்பால் உள்ள உப்பளங்களுக்குப் போய்விடுவார். நாம் எல்லாரும் கோயில் கோபுரத்தையும் சொந்தக்காரர்களையும் படம் எடுத்துக்கொண்டிருந்த காலத்தில், அவர் ஒரே ஒரு பறவையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்.

அந்தப் பறவை பவளக்காலி. உடம்பு சுண்ணாம்பு வெள்ளை, இறக்கை மைக் கறுப்பு, கால் மட்டும் நீண்டு சிவந்திருக்கும். நேரில் பார்க்க அழகு. படம் எடுக்கிறவனுக்கு அதுதான் தலைவலி. வெள்ளைக்குத் தகுந்த மாதிரி வெளிச்சம் விட்டால் இறக்கை கரிக்கட்டையாகிவிடும். இறக்கைக்குத் தகுந்த மாதிரி விட்டால் மார்பு ஒன்றும் எழுதாத காகிதம். இரண்டையும் ஒரே பிளேட்டில் பிடிக்க வேண்டும், இறகு இறகாகத் தெரிய வேண்டும் என்பது அவர் பிடிவாதம். போர்க்காலம். பிளேட் கிடைப்பதே குதிரைக்கொம்பு. கிடைத்த பிளேட்டையெல்லாம் மனிதர் இந்த ஒரு பறவையிடம் கொண்டுபோய்க் கொட்டினார்.

முதல் முறை அவர் ஸ்டுடியோவுக்கு வந்தபோது நாங்கள் சண்டைதான் போட்டோம். அவர் கொண்டுவந்த பிளேட்டைப் பார்த்துவிட்டு, "பறவை எங்கே பாய்? பிரிண்டு போட்டா வெள்ளையா ஒரு ஓட்டைதான் விழும்" என்றேன்.

"ஓட்டைன்னு எனக்குத் தெரியும் ஐயரே. ஓட்டையை ஓட்டையாவே பிரிண்டு போட்டுத் தாரும். எங்கன தப்பு விட்டேன்னு பாக்கணும்லா?"

பிழையைப் பார்ப்பதற்காகப் பிரிண்டு போடச் சொன்ன வாடிக்கையாளர் என் வாழ்க்கையில் அவர் ஒருவர்தான். என்னிடம் வருகிறவர்களுக்குத் தழும்பு போக வேண்டும், மாநிறம் சிவப்பாக வேண்டும், கல்யாணப்பெண்ணின் தலைமுடி அடர்த்தியாக வேண்டும். பென்சிலாலும் சுரண்டுக்கத்தியாலும் அதையெல்லாம் செய்து கொடுத்துக் கொடுத்து, திருத்தாத படம் என்றால் எனக்குக் கை நமநமக்கும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னையும் உப்பளத்துக்கு இழுத்துக்கொண்டு போனார். பறவை நிற்கிற இடத்தில் ஒரு குச்சியை நட்டு, அதில் ஒரு துண்டுக் கறுப்புத் தோலையும் ஒரு துண்டு வெள்ளைத் துணியையும் தொங்கவிட்டார். தூரத்தில் உட்கார்ந்து கண்ணைப் பாதி மூடிக்கொண்டு அதையே ஒரு மணி நேரம் பார்த்தார். எனக்குப் பொறுமை போய்விட்டது. பறவை பக்கத்துப் பாத்தியில் நின்று இரை தேடிக்கொண்டிருந்தது.

"அதோ நிக்கறதே, எடுக்கறதுதானே?" என்றேன்.

"பறவையைப் பாக்காதேயும். அது மேல விழுத வெயிலைப் பாரும். தோல்லயும் துணியிலயும் ஒரே நேரத்துல இழை தெரிஞ்சாத்தான் எடுக்கணும். கறுப்புக்குன்னு வெளிச்சத்தைத் தாராளமா விடணும். வெள்ளையைக் கழுவும்போது காப்பாத்திக்கிடலாம்."

கழுவும்போது காப்பாற்றுவது என்றால், மருந்தில் தண்ணீரைக் கூட்டி, பிளேட்டைச் சீக்கிரமாக வெளியே எடுத்துவிடுவது. சொல்ல எளிது. நம் ஊர் வெக்கையில் மருந்து கொதிக்கும். ஐஸ் வைத்துக் குளிர வைக்காவிட்டால் பிளேட்டின் மேல்பூச்சே கழன்று வந்துவிடும். அன்று அவர் ஒரு படமும் எடுக்காமல் திரும்பினார். வெயில் சரியில்லையாம்.

அந்த வருஷக் கோடையில் ஒரு பவளக்காலி உப்பளத்து வரப்பில் கூடு வைத்து நான்கு முட்டை இட்டிருப்பதைக் கண்டுபிடித்தார். கூட்டோடு ஒரு படம் எடுத்துப் பிளேட்டைக் கழுவி என்னிடம் கொடுத்தார். இறக்கை நன்றாக வந்திருந்தது. மார்பு மறுபடியும் வெறும் வெள்ளை. "அப்படியே போடும். சங்கத்துல காட்டி, வெள்ளை போயிட்டுன்னு நானே சொல்லிக்கிடுதேன்" என்றார்.

நான் அப்படியே போடவில்லை.

இதைத்தான் ஐந்து வருஷமாக உங்களில் ஒருவரிடமும் சொல்லாமல் இருந்தேன். அன்று மத்தியானம் முதலாளி வெளியே போயிருந்தார். பிளேட் பலகைமேல் இருந்தது. கத்தியை எடுத்து, அந்த வெள்ளை மார்பில் மெல்லிய இறகுக் கோடுகளைச் சுரண்டினேன். நெகட்டிவில் சுரண்டிய இடம் பிரிண்டில் கறுப்புக் கோடாக விழும். பிறகு இறக்கையில் பென்சிலால் கொஞ்சம் பளபளப்பு. என் தொழிலில் நான் செய்த மிக நுட்பமான வேலை அது. மைதீன் பிச்சை பிரிண்டைப் பார்த்து மகிழ்ந்துபோவார் என்று நினைத்தேன். உண்மையாகவே அப்படித்தான் நினைத்தேன். பறவைப் படத்தில் கத்தியும் பென்சிலும் படக்கூடாது என்ற நம் சங்கத்து விதி எனக்கும் தெரியும். ஆனால் தெரிந்துகொண்டேதான் கை போயிற்று. அவருக்குக் காட்டாமலே பிரிண்டைச் சங்கத்துச் சுவரில் மாட்டினேன்.

அன்றைய கூட்டம் உங்களுக்கு நினைவிருக்கும். பள்ளிக்கூட அறையில் எல்லாரும் அந்தப் படத்தின் முன்னால்தான் கூடி நின்றார்கள். மைதீன் பிச்சை தாமதமாக வந்தார். கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய்ப் படத்தைப் பார்த்தார். நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அதில் மகிழ்ச்சி இல்லை. மெதுவாகத் திரும்பி அறை முழுவதும் பார்த்தார். என்னைக் கண்டதும் பார்வையை எடுத்துக்கொண்டார்.

படங்களுக்குத் தீர்ப்புச் சொல்ல அன்று ஒரு பார்சிப் பெரியவர் வந்திருந்தார். பறவைகளை அறிந்தவர். மூக்குக்கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு படத்தை வெகுநேரம் பார்த்தார். "இந்தப் பறவையின் மார்பில் இப்படிக் கோடுகள் கிடையாதே" என்றார். "நெகட்டிவ் இருக்கிறதா?"

நெகட்டிவ் என் பையில் இருந்தது. எடுத்துக் கொடுத்தேன். அவர் அதை ஜன்னலோரம் கொண்டுபோய்ச் சாய்த்துப் பிடித்தார். சாய்த்துப் பார்த்தால் கத்தி பட்ட இடம் மினுங்கும். கல்யாணப்பெண்ணின் கூந்தலுக்குப் போடுகிற அதே வளைவுகளை நான் ஒரு நீர்ப்பறவையின் மார்பில் போட்டிருந்தேன் என்பது எனக்கே அப்போதுதான் தெரிந்தது.

"இது யார் வேலை?" என்று செயலாளர் கேட்டார்.

சொல்லிவிட வேண்டும், இப்போதே சொல்லிவிட வேண்டும் என்று நினைத்துக்கொண்டே நின்றேன். எனக்கு முன் மைதீன் பிச்சை பேசினார்.

"பிளேட்டு என்னது. அதுல உள்ளதுக்கு நான்தான் பொறுப்பு."

அதில் ஒரு பொய்யும் இல்லை. கேட்டவர்கள் அதைக் குற்றத்தை ஒப்புக்கொண்டதாக எடுத்துக்கொண்டார்கள். பதிவேட்டிலிருந்து அவர் பெயரை அடிக்க வேண்டும் என்று இரண்டு பேர் எழுந்து சொன்னார்கள். நான் வாயைத் திறக்கவில்லை. கேளாமல் ஒரு வாடிக்கையாளரின் பிளேட்டில் கை வைத்தது தெரிந்தால் முதலாளி வேலையை விட்டு நீக்கிவிடுவார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது சாக்கு. வெட்கம்தான் காரணம். வேறொன்றுமில்லை.

அடுத்த கூட்டத்துக்கு முன் அதே பறவையைச் சங்கத்தார் கண்முன் கழுவிக் காட்டுகிற ஒரு பிளேட்டில் எடுத்துத் தந்தால் பெயர் நிற்கும் என்று செயலாளர் ஒரு வழி சொன்னார். மைதீன் பிச்சை தலையசைத்தார். இரண்டு வாரம் இருந்தது. வானத்தில் அப்போதே மேகம் கூட ஆரம்பித்துவிட்டது. மழை இறங்கினால் உப்பளம் மூழ்கும், கூடும் போய்விடும். மேகம் வராமல் வெயில் அடித்தாலோ வெள்ளை மறுபடியும் எரிந்துபோகும். மேகம் வந்து மழை வருவதற்குள் உள்ள அந்தச் சிறு இடைவெளிதான் அவருக்கு வேண்டியிருந்தது. கையில் இரண்டே பிளேட்.

நானும் வருகிறேன் என்றேன். வேண்டாம் என்று சொல்வார் என எதிர்பார்த்தேன். "வாரும்" என்றார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை செம்பூரில் இறங்கி உப்பளத்துக்கு நடக்கும்போது ஒரு மிலிட்டரி காவல்காரன் எங்களை நிறுத்தினான். கடலோரம் காமிராவோடு போகிறவர்களை எல்லாம் சந்தேகப்பட்ட காலம். மைதீன் பிச்சை அனுமதிச் சீட்டைக் காட்டினார். அவன் அதைப் படிக்கவே இல்லை. "யே கியா ஹை?" என்ன அது என்று அதட்டிக்கொண்டு பிளேட் இருந்த மரச்சட்டத்தைப் பிடுங்கினான்.

"மத் கோலோ பாய், மத் கோலோ!" திறக்காதே என்று மைதீன் பிச்சை கையை நீட்டுவதற்குள் அவன் மூடியை உருவிவிட்டான். பட்டப்பகல் வெளிச்சம் உள்ளே போயிற்று. ஒரு பிளேட் தொலைந்தது. நான் அவனோடு மல்லுக்கு நிற்கப் போனேன். மைதீன் பிச்சை என் தோளைப் பிடித்து நிறுத்தி, அடுத்த சட்டத்தைத் தன் சட்டைக்குள் வைத்துக்கொண்டு, அவனுக்கு ஒரு சலாம் போட்டுவிட்டு நடந்தார்.

வரப்பில் அவர் முன்பே போட்டுவைத்திருந்த சாக்குக் கூடாரத்துக்குள் இருவரும் குந்தியிருந்தோம். புழுக்கத்தில் வேர்வை கண்ணுக்குள் இறங்கியது. பத்தடியில் பறவை முட்டைமேல் உட்கார்ந்திருந்தது. நல்ல வெயில். மேற்கே வானம் கறுத்துக்கொண்டு வந்தது. காற்று திரும்பியது. கடல் ஓதத்தில் பாத்தியில் தண்ணீர் ஏறத் தொடங்கியதை நான் பார்த்தேன்.

"எடுத்துடுங்கோ பாய். மழை வந்துடுத்துன்னா எல்லாம் போச்சு."

"இந்த வெயில்ல எடுத்தா பழைய கதைதான்."

"கொஞ்சமாவது வருமே!"

"கொஞ்சம் வந்தா மீதிக்கு என்ன செய்ய?" என்று என்னைத் திரும்பிப் பார்க்காமல் கேட்டார். இவருக்குத் தெரியுமா, தெரியாதா? அந்தக் கூடாரத்துக்குள் அவர் தோள் என் தோளில் இடித்துக்கொண்டிருந்தது. சொல்வதற்கு அதைவிட நல்ல இடம் எனக்கு இந்த ஜன்மத்தில் கிடைத்திருக்காது. சொல்லவில்லை.

மேகம் வெயிலை மூடியது. உப்பளம் முழுவதும் ஒரே சாம்பல் வெளிச்சம். அவர் குச்சியில் தொங்கிய தோலையும் துணியையும் பார்த்தார். இரண்டிலும் இழை தெரிந்தது. பறவை எழுந்து முட்டைமேல் காலை ஊன்றி நின்றது. கூட்டின் விளிம்பைத் தண்ணீர் தொட்டுவிட்டிருந்தது. முதல் துளி சாக்கில் விழுந்தது. அந்த மங்கலில் கறுப்பு தெரிய வேண்டுமானால் ஷட்டர் அரை நொடியாவது திறந்திருக்க வேண்டும். அந்த அரை நொடி பறவை அசையக்கூடாது. அவர் திறந்தார். எங்கோ இடி உறுமியது. மூடினார்.

"ஆடிச்சா?" என்று கேட்டேன்.

"தெரியல" என்றார். பிறகு மழை கொட்டியது. முழங்கால் தண்ணீரில் ஓடும்போது ஒருமுறை திரும்பிப் பார்த்தேன். அந்தப் பறவை புல்லை இழுத்து இழுத்து முட்டைக்கு அடியில் திணித்துக்கொண்டிருந்தது. அந்த முட்டைகள் என்ன ஆயின என்று எங்களுக்குத் தெரியாது.

மறுநாள் ஸ்டுடியோ விடுமுறை. முதலாளியிடம் நானே இடம் கேட்டு வாங்கியிருந்தேன். செயலாளரும் இன்னொருவரும் பார்க்க, இருட்டறையில் சிவப்பு விளக்கின்கீழ் மைதீன் பிச்சை பிளேட்டைக் கழுவினார். தட்டுக்கு அடியில் ஐஸ். சரியான நொடியில் பிளேட்டை எடுத்தார். வெளிச்சத்துக்கு வந்து பார்த்தேன். மார்பில் இறகு இருந்தது. கோடு இல்லை, மாவு படிந்த மாதிரி மெல்லிய அடுக்கு. இறக்கைக் கறுப்பில் ஒவ்வொரு இறகின் ஓரமும் தனித்தனியாகத் தெரிந்தது. அப்படி ஒரு பிளேட்டை அதற்கு முன்னும் நான் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை.

ஆனால் தலை அசைந்திருந்தது. கண்ணும் அலகும் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் புகை.

"முகமே இல்லையே ஓய்" என்றார் செயலாளர். மற்றவர் உதட்டைப் பிதுக்கினார். பிளேட்டைக் காயவைத்துவிட்டு அவர்கள் இருவரும் காபிக்கு வெளியே போனார்கள். அப்போது நான் என்ன செய்தேன் தெரியுமா? அவர் காதருகே குனிந்து, "பாய், ஒரு கண்ணுதானே. பத்து நிமிஷம் கொடுங்கோ. இந்தத் தடவை ஒருத்தராலும் கண்டுபிடிக்க முடியாது" என்றேன்.

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"இன்னொருக்காவா ஐயரே?"

கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். களைத்துப்போன ஒரு மனிதரின் குரல் அது. அவருக்கு முதலிலிருந்தே தெரியும். அதற்குப் பிறகு நான் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் ஐஸ் தட்டைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அடுத்த கூட்டத்தில் நீங்கள் அந்தப் பிரிண்டைப் பார்த்தீர்கள். தலையில்லாத பறவை என்று யாரோ சிரித்தார்கள். அந்த வெள்ளையையும் கறுப்பையும் ஒருவரும் பார்க்கவில்லை. இதுதான் இவருக்கு வரும் என்றால் அந்த முதல் படம் எப்படி வந்தது என்று புரிகிறது என்றார்கள். பெயரை அடித்தார்கள். கை தூக்கியவர்களில் நானும் ஒருவன். தூக்காவிட்டால் ஏன் என்று கேட்பார்களே என்று தூக்கினேன். இதை எழுதும்போது என் கையை எனக்கே பார்க்கப் பிடிக்கவில்லை.

அதன்பின் அவர் சங்கத்துக்கு வரவில்லை. ஆனால் என்னிடம் வருவதை நிறுத்தவில்லை. ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் ஜும்மா தொழுகை முடிந்து ஸ்டுடியோவின் பின்னறைக்கு வருவார். அரை மணி உட்காருவார். ஒரு சாயா குடிப்பார். காற்று, மழை, உப்பளத்துக்கு வந்த புதுப் பறவைகள், இவைதான் பேச்சு. "என்ன ஐயரே, வேற சேதி உண்டா?" என்று கேட்பார். "வேறென்ன பாய், ஒண்ணுமில்லை" என்பேன். கலவரம் மூண்டு நகரம் கத்தியும் கையுமாகத் திரிந்த அந்த மாதங்களில்கூட, குல்லாவை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு தாராவியிலிருந்து மாதுங்காவுக்கு நடந்து வந்தார். "ஏன் பாய் உயிரைக் கொடுத்துண்டு வரேள்?" என்று கடிந்துகொண்டேன். "சும்மாத்தான்" என்றார். என்மேல் உள்ள பிரியத்தால் வருகிறார் என்று நினைத்துக்கொண்டேன். எனக்குத் திமிரும் குறைவில்லை பாருங்கள்.

அடக்கம் ஆகி ஆறாம் நாள் அவர் வீட்டுக்குத் துக்கம் கேட்கப் போனேன். அவர் மனைவி, வேற்று ஆண்கள் கண்ணில் படாத துக்க நாள்களான இத்தாவில் இருந்ததால் திரைக்குப் பின்னாலிருந்துதான் பேசினார். அந்தப் படச் சங்கதி அவருக்கு முழுக்கத் தெரிந்திருந்தது.

"நான் அவுககிட்ட எத்தனையோ தடவை சொன்னேன், அண்ணே. சங்கத்துல போயி உள்ளதைச் சொல்லிப்போடுங்கன்னு. அவுக கேக்கல. 'ஐயரு ஒருநா அவராச் சொல்லுவாரு. நான் சொன்னா அது நான் ஜெயிச்சதா ஆவும், அவரு சொன்னாத்தான் நேராவும்'னு சொல்லிட்டாக. வெள்ளிக்கிழமை ஒங்ககிட்ட வந்துட்டுத் திரும்பி வருவாகல்லா, நான் வாசல்லயே கேப்பேன். செருப்பைக் கழத்திக்கிட்டே சொல்லுவாக."

"என்ன சொல்லுவார்?"

"இன்னைக்கும் சொல்லலன்னு சொல்லுவாக."

நண்பர்களே, அந்தக் கோடுகளைப் போட்டது நான். மைதீன் பிச்சை உங்களை ஏமாற்றவில்லை. பதிவேட்டில் அவர் பெயர்மேல் உள்ள அடித்தலை நீக்கி, என் பெயரை அடித்துவிடுங்கள். அவர் காமிராவைக் காசிம் எடுத்துக்கொண்டான். அது அவனிடம் இருப்பதுதான் நியாயம். எனக்கென்று அவர் விட்டுப்போனது அந்த வெள்ளிக்கிழமை அரை மணிகள். ஐந்து வருஷம் எனக்காக வழிவிட்டு உட்கார்ந்திருந்தார். நான் சாயா வாங்கிக் கொடுத்து அனுப்பிக்கொண்டிருந்தேன்.

இதை எழுதி முடித்ததும் முதலில் தாராவிக்குக் கொண்டுபோய், அந்தத் திரைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து, உரக்கப் படித்துக் காட்டப் போகிறேன். அதற்குப் பிறகுதான் உங்களுக்கு.